ஒரே அளவு, வேறு வேறு இலை: நாடு பார்த்துச் சுருட்டு வாங்கலாமா?

கடைக்குள் நுழைந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "கியூபா சுருட்டு இருக்கிறதா?" விற்பவருக்கு இதைவிட வசதியான கேள்வி கிடையாது. விலை கூடிய தட்டைக் காட்டினால் போதும், மீதியை வாங்குபவரே பார்த்துக்கொள்வார். ஆனால் கியூபாவுக்கென்று ஒரே ஒரு சுவை கிடையாது. ஹோயோ டி மான்டெரே எபிக்யூர் எண் 2, பார்த்தகாஸ் சீரீஸ் டி எண் 4 இரண்டும் கியூபா சுருட்டுகள். இரண்டும் 124 மி.மீ. நீளம், 50 ரிங் பருமன். பட்டையைக் கழற்றிவிட்டு அருகருகே வைத்தால் புதிதாகப் பிடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பற்றவைத்தால் தெரிந்துவிடும். எபிக்யூர் பாலேட்டு மென்மையும் மரவாசனையுமாக வந்து அதே அளவில் நிற்கும். பார்த்தகாஸ் நான்கைந்து இழுப்புக்குள் மிளகுக் காரத்தை நாக்கில் ஏற்றிவிட்டு, பாதி தாண்டும்போது ஈரமண் வாசனையோடு கனத்துவிடும். முதலாவதைப் பிடித்துவிட்டு "கியூபா சப்பென்று இருக்கிறது" என்பவரும், இரண்டாவதைப் பிடித்துத் தலைசுற்றி "கியூபா நமக்கு ஆகாது" என்பவரும் ஒரே நாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இந்த அத்தியாயத்தில் நாடுகளைச் சுற்றிவரப் போகிறோம். அதற்குமுன் நாட்டின் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்த்துவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். இது ஏற்கெனவே சுருட்டுப் பிடிப்பவர்களுக்கான நூல். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். "நான் புகையை உள்ளே இழுப்பதில்லையே" என்ற சமாதானம் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களிடம் செல்லாது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். "எப்போதாவது ஒன்று" என்று சொல்பவர்கள் அந்த எப்போதாவதைக் காலண்டரில் குறித்துவைத்துப் பாருங்கள். ஞாபகம் எப்போதும் குறைத்தே கணக்குச் சொல்லும்.

பட்டை சொல்வதும் சொல்லாததும்

கியூபா சுருட்டு என்றால் உள்ளிலையிலிருந்து மேலிலை வரை அத்தனையும் கியூபாவில் விளைந்தது. உலகச் சந்தையில் அதை விற்பது 1994இல் ஏற்படுத்தப்பட்ட ஹபானோஸ் என்ற ஒரே நிறுவனம். அதனால் அங்கே நாட்டின் பெயருக்கும் இலைக்கும் நேர்த்தொடர்பு உண்டு. மற்ற நாடுகளில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டியில் நிகராகுவா என்று போட்டிருந்தால் நிகராகுவாவில் சுற்றியது என்று அர்த்தம், அவ்வளவுதான். மேலிலை ஈக்வடாரிலிருந்து வந்திருக்கலாம். அதற்கு அடியிலுள்ள இலை மெக்சிகோவிலிருந்தும் உள்ளிலையில் ஒரு பங்கு டொமினிகன் குடியரசிலிருந்தும் வந்திருக்கலாம். டொமினிகன் சுருட்டுக்குப் பெயர்போன ஆர்துரோ ஃபுவென்தேயின் ஹெமிங்வே வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேலிலை ஆப்பிரிக்கக் கண்டத்தின் கேமரூன் இலை. உதட்டில் முதலில் படுகிற அந்த மெல்லிய இனிப்பை டொமினிகன் மண்ணின் கணக்கில் எழுதினால் அடுத்த முறை தவறான பெட்டியை வாங்குவீர்கள்.

பெயர்க் குழப்பம் இன்னும் பெரிது. 1960இல் காஸ்ட்ரோ அரசு சுருட்டு ஆலைகளை நாட்டுடைமை ஆக்கியது. வெளியேறிய முதலாளிகளில் சிலர் பிராண்டின் பெயரைக் கையோடு கொண்டுபோனார்கள். 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபாமீது வணிகத் தடை விதித்தார். (தடையாணையில் கையெழுத்திடுமுன் தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரை விரட்டி ஏறத்தாழ 1,200 உப்மன் சுருட்டுகளை வாங்கிவைத்துக்கொண்டார். சாலிஞ்சரே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.) விளைவு, மான்டெக்ரிஸ்டோ, ரோமியோ இ ஜூலியட்டா, பார்த்தகாஸ், உப்மன், ஹோயோ, பஞ்ச் என்று பல பெயர்கள் இன்று இரட்டை; பின்னாளில் வந்த கோஹிபாவும் அப்படியே. கியூபாவில் ஒன்று; அமெரிக்கச் சந்தைக்காக டொமினிகன் குடியரசிலோ ஹோண்டுராஸிலோ இன்னொன்று. பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பரவலாகக் கிடைக்கும் டொமினிகன் கோஹிபாவில் பெயரிலுள்ள வட்ட எழுத்துக்குள் சிவப்புப் புள்ளி இருக்கும். மற்றவற்றுக்குப் பெட்டியின் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

நியூஜெர்சியிலிருந்து மைத்துனர் ஆசையாக வாங்கிவரும் மான்டெக்ரிஸ்டோ கியூபாவுடையதாக இருக்காது. அங்கே கடையில் வைத்து அதை விற்க முடியாது. அவர் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல வேண்டாம். அது பெரும்பாலும் நல்ல சுருட்டாகவே இருக்கும்.

இலைக்குள்ளே

வெளியே தெரிவது மேலிலை. கடையில் ராப்பர் என்பார்கள். அதன் அடியில், உள்ளே இருப்பவை குலையாமல் இறுக்கிப் பிடித்திருப்பது பைண்டர். உள்ளே இருப்பது ஃபில்லர். நல்ல கைச்சுருட்டில் ஃபில்லர் இலைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும். தூளோ துண்டோ இருக்காது.

செடியில் இலை எந்த உயரத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறும். அடியிலைக்கு வொலாடோ என்று பெயர். சுவை கம்மி, ஆனால் நன்றாக எரியும். நடுவிலுள்ள செக்கோ மணத்துக்கு. உச்சியில் வெயிலை நேராக வாங்கிக்கொண்டு கடைசியில் பறிபடுவது லிஹேரோ. தடித்த, எண்ணெய்ப் பசையுள்ள இலை. நிகோட்டின் இதில்தான் கூடுதல். மெதுவாக எரியும் என்பதால் சுற்றுபவர் இதைச் சரியாக நடுமையத்தில் வைப்பார். சற்று விலகினாலும் சுருட்டு ஒரு பக்கமாக எரியத் தொடங்கிவிடும். பற்றவைக்கும் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெளிர்ப்பழுப்பு மடிப்புகளுக்கு நடுவே கருத்துத் தடித்த மடிப்புகள் சுருண்டு கிடந்தால் அது லிஹேரோவாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டதை வெறும் வயிற்றில் தொடாதீர்கள்.

மேலிலையின் கருமையைப் பார்த்துக் கடுமையை முடிவுசெய்வதும் கூடாது. மதூரோ எனப்படும் கருத்த மேலிலை, அம்பாரமாக அடுக்கிச் சூடேற நெடுநாள் புளிக்கவைத்ததால் கருத்தது. அப்படிப் புளிக்கவைத்ததில் இலையின் காரம் அடங்கிக் கருப்பட்டி, கொக்கோ சாயல் ஏறுகிறது. வெளிறிய மேலிலைக்குள் லிஹேரோவைத் திணித்த சுருட்டு ஆளை உட்காரவைத்துவிடும். கன்னங்கரேலென்ற மதூரோ சாதுவாக இருக்கக்கூடும்.

வீரியம், கனம், சுவை மூன்றையும் தனித்தனியே பார்க்கப் பழகுங்கள். வீரியம் நிகோட்டின், தலையும் வயிறும் சொல்லும். கனம் என்பது புகை வாயை எவ்வளவு நிறைக்கிறது என்பது. சுவை மூன்றாவது. "ஸ்ட்ராங்காக இருக்கிறது" என்று மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் கடைக்காரருக்கும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று புரியாது.

கியூபா

தீவின் மேற்குக் கோடியில் பினார் டெல் ரியோ மாகாணம். அதற்குள் புவெல்தா அபாஹோ என்ற வட்டாரம். அதிலும் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்தினெஸ் என்ற இரண்டு ஊர்களைச் சுற்றிய வயல்கள். கியூபாவின் சிறந்த இலை இங்கிருந்து வருகிறது. மேலிலைக்கான செடிகளைத் துணிப்பந்தலுக்குக் கீழே வளர்ப்பார்கள். வெயில் வடிகட்டப்பட்டு விழுவதால் இலை மெல்லிசாகப் பெரிதாக விரியும். உள்ளிலைக்கான செடிகள் திறந்த வெயிலில் நிற்கும்.

கியூபா இலையின் அடையாளம் என்று நான் சொல்வது, மரமும் ஈரமண்ணும் கலந்த ஓர் அடித்தளம், அதற்குமேல் தேன் சாயல், ஓரத்தில் மெல்லிய புளிப்பு. இந்தப் புளிப்பு வேறெங்கும் இதே மாதிரி கிடைப்பதில்லை. பிடித்தவர்கள் அதைத் தேடித்தான் போகிறார்கள். பிடிக்காதவர்களுக்கு எத்தனை விலை கொடுத்தாலும் பிடிக்காது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கியூபா சுருட்டுகள் பல நேரம் இளசாகவே சந்தைக்கு வந்துவிடுகின்றன. பெட்டியைத் திறந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறினால் மூடிவைத்துச் சில மாதங்கள் மறந்துவிடுங்கள். ஒரே பெட்டியில் ஒன்று தாராளமாக இழுபடும், அடுத்தது அடைத்துக்கொள்ளும். விலையோ எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2022இல் கோஹிபா, டிரினிடாட் விலைகளை உலகெங்கும் ஹாங்காங் விலைக்கு இணையாக உயர்த்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இயான் புயல் பினார் டெல் ரியோவின் இலை உலர்த்தும் கொட்டகைகளைப் பெருமளவு சாய்த்துவிட்டது.

கோஹிபா 1966இல் காஸ்ட்ரோவுக்கும் அரசு விருந்தினர்களுக்கும் என்று தொடங்கி, 1982 முதல் பொது விற்பனைக்கு வந்தது. அதன் செக்கோ, லிஹேரோ இலைகள் கூடுதலாக ஒரு முறை புளிக்கவைக்கப்படுகின்றன; அந்த வழவழப்பு அங்கிருந்து வருவது. நல்ல சுருட்டுத்தான். கொடுக்கும் காசில் பாதிக்குமேல் பட்டைக்குப் போகிறது என்பது என் கணிப்பு. கியூபாவைப் புதிதாக அறிய விரும்புபவருக்கு 129 மி.மீ. நீளமும் 42 ரிங்கும் கொண்ட மான்டெக்ரிஸ்டோ எண் 4 போதும். அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. கியூபா ஆலைகளில் சுற்றும் தொழிலாளர்களுக்கு ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிக்கும் வழக்கம் 1865 முதல் இருக்கிறது. அப்படி வாசிக்கப்பட்ட அலெக்ஸாந்தர் துய்மாவின் நாவலிலிருந்து வந்த பெயர் என்பார்கள்.

நிகராகுவா

இன்று பணத்துக்குச் சரியான பண்டம் கேட்டால் நான் கைகாட்டுவது இந்த நாட்டை. காரணம் மண். எஸ்தெலியில் கருத்த, கனத்த மண். அங்கே விளையும் இலையில் காரமும் வீரியமும் தூக்கல். ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய ஹலாபாவில் சிவந்த மண். இலை இனிப்பும் மணமும் கொண்டது. கோண்டேகா இரண்டுக்கும் இடைப்பட்டது. நிகராகுவா ஏரிக்கு நடுவே எரிமலைகள் எழுந்து நிற்கும் ஒமெதெபே தீவில் விளையும் இலையில் ஒருவித மண்வாசனை கலந்த இனிப்பு இருக்கும். ஒரு நாட்டுக்குள்ளேயே இத்தனை வகை கிடைப்பதால் வெளி இலை கலக்காமல் முழுச் சுருட்டையும் செய்ய இங்கே முடிகிறது.

கியூபாவிலிருந்து வெளியேறிய ஹோசே ஓர்லாந்தோ பத்ரோன் 1964இல் மியாமியில் தொழிலைத் தொடங்கி, 1970இல் எஸ்தெலிக்கு வந்தார். 1978இல் உள்நாட்டுப் போரில் அவர் ஆலை எரிந்தது. 1985இல் அமெரிக்கா நிகராகுவாமீதும் தடை விதித்தது. இத்தனைக்கும் பிறகு 1994இல் வந்த பத்ரோன் 1964 ஆனிவர்சரி வரிசை இன்றும் இந்நாட்டுச் சுருட்டுக்கு அளவுகோல். பெட்டிக்குள் அழுத்திச் சதுரமாக்கிய உடல். பிடிப்பதற்கே கைக்கு இதமாக இருக்கும். கொக்கோ, காபி, வறுத்த கொட்டை என்று நிதானமாக நகரும். வீரியம் வேண்டுபவருக்கு ஹோயா டி நிகராகுவாவின் அந்தானியோ 1970 இருக்கிறது. முழுச் சாப்பாடு முடித்த பிறகுதான், அதுவும் உட்கார்ந்துகொண்டு.

கியூபாவைப் பிடித்துப் பழகியவர்கள் நிகராகுவாவிடம் சொல்லும் குறை ஒன்று: எல்லாம் ஒரேயடியாகத் தூக்கலாக இருக்கிறது, மெல்லிய பேச்சே இல்லை. அதில் நியாயம் உண்டு. நிகராகுவாக்காரர்கள் பதிலுக்குச் சொல்வது, "எங்களுடையது இழுபடுகிறது, ஒழுங்காக எரிகிறது." அதிலும் நியாயம் உண்டு.

டொமினிகன் குடியரசும் ஹோண்டுராஸும்

டொமினிகன் என்றால் மென்மை என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. சிபாவோ பள்ளத்தாக்கில் சந்தியாகோ நகரைச் சுற்றித்தான் இலையும் ஆலைகளும். டேவிடாஃப் நிறுவனம் கியூபாவோடு கணக்கை முடித்துக்கொண்டு 1990ஐ ஒட்டி இங்கே வந்தது. தரம் சரியில்லை என்று 1989இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கியூபா சுருட்டுகளை எரித்துவிட்டு வந்ததாக வரலாறு. அவர்களுடைய பழைய வரிசைகள் இன்றும் மென்மைக்கு உதாரணம்: பாலேடு, வைக்கோல், கடைசியில் கொஞ்சம் வெள்ளை மிளகு. காலை நேரத்துக்கு, ஃபில்டர் காபியோடு, இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். விலையைப் பார்த்தால் காபி தொண்டையில் நிற்கும். அதே வகையில் காசுக்கு அடக்கமாக வேண்டுமென்றால் மக்கானூடோ கஃபே. வெளிறிய கனெக்டிகட் மேலிலை, ஒழுங்கான எரிதல், பெரிய ஆச்சரியம் எதுவும் இருக்காது.

ஆனால் அதே நாட்டிலிருந்து ஃபுவென்தே குடும்பம் 1995இல் ஓபஸ் எக்ஸ் என்ற சுருட்டைக் கொண்டுவந்தது. டொமினிகன் மண்ணில் நல்ல மேலிலை விளையாது என்று தொழிலில் இருந்தவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. விளைந்தது, காரமாகவே விளைந்தது. டொமினிகன் மென்மை என்று நம்பி அதை மாலையில் வெறும் வயிற்றோடு பற்றவைத்தால் இரவுச் சாப்பாடு இறங்காது.

ஹோண்டுராஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தன்லி நகரும் ஹமஸ்திரான் பள்ளத்தாக்கும் மையம். காமாச்சோ கொரோஹோ போன்றவை கரடுமுரடான, நேர்மையான காரம். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்த ராக்கி படேல் சுருட்டுத் தொழிலில் பெயர் எடுத்ததும் ஹோண்டுராஸில் சுற்றியவற்றால்தான்.

மேலிலைக்காக மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய நாடுகள்

ஈக்வடார்ச் சுருட்டு என்று நீங்கள் கேட்டு வாங்குவது அபூர்வம். ஆனால் ஈக்வடார் இலையை உதட்டில் வைக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். அங்கே பயிர்க்காலம் முழுக்க மேகம் மூடியிருப்பதால் துணிப்பந்தலே வேண்டாம். நரம்பு மெல்லிய, வழவழப்பான மேலிலை கிடைக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் இரண்டு வகை: பந்தலுக்குக் கீழ் விளையும் வெளிறிய இலை, வெயிலில் விளையும் தடித்த பிராட்லீஃப். இரண்டாவதுதான் நல்ல மதூரோவாகும். மெக்சிகோவின் சான் அந்திரெஸ் இலை கருத்தது, மண்ணும் கொக்கோவும் மணக்கும். பிரேசிலின் பாஹியா மாநிலத்து மாட்டா ஃபீனாவில் இனிப்பு அதிகம். கேமரூன் இலையை விரலால் தடவிப் பாருங்கள். மணல் துகள்போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் தட்டுப்படும். எரிந்த பிறகு சாம்பலிலும் அந்தப் புள்ளிகள் வெள்ளையாகத் தெரியும்.

சுமத்ராவின் டெலி மேலிலை ஒரு காலத்தில் உலகிலேயே விலை கூடியது. 1863இல் யாகோபுஸ் நியன்ஹைஸ் என்ற டச்சுக்காரர் தொடங்கிவைத்த அந்தத் தோட்டத் தொழிலில் சீனர்கள், ஜாவானியர்களோடு தமிழ்க் கூலிகளும் உழைத்தார்கள். மேடான் நகரின் தமிழர் குடியிருப்பும் மாரியம்மன் கோயிலும் அந்தக் காலத்தின் மிச்சம். இன்று பெட்டியில் சுமத்ரா என்று இருந்தால் பெரும்பாலும் சுமத்ரா விதையை ஈக்வடாரில் போட்டு விளைத்தது.

"நம் உறையூர், திண்டுக்கல் சுருட்டுகள் இந்த வரிசையில் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு முனையும் வெட்டிய உருளை, காரமான இலை. அதன் சாம்பலைப் பார்த்தே ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் நாவலில் துப்புச் சொல்லும் அளவுக்கு விக்டோரியா காலத்து லண்டனில் பெயர் இருந்தது. ஹவானாவோடு ஒரே அட்டவணையில் அதற்கு மதிப்பெண் போடுவது இரண்டுக்கும் அநியாயம். உலர்த்தும் முறையும் புளிக்கவைக்கும் முறையும் வேறு. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன்: உறையூர்ச் சுருட்டில் பழகிய நாக்குக்கு டேவிடாஃப் வெந்நீராகப் படும், நிகராகுவா உடனே பிடித்துப்போகும்.

ஒப்பிடும் முறை

அளவை முதலில் ஒன்றாக்குங்கள். ரிங் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. 50 ரிங் என்றால் சுமார் 20 மி.மீ. விட்டம். சுருட்டு மெலிய மெலிய மேலிலையின் பங்கு கூடும். தடிக்கத் தடிக்க உள்ளிலையின் பங்கு கூடும். ஒரு நாட்டின் 42 ரிங்கை இன்னொரு நாட்டின் 60 ரிங்கோடு ஒப்பிட்டால் தெரிவது பருமனின் வித்தியாசம் மட்டுமே. ஏறக்குறைய 5 அங்குலமும் 50 ரிங்கும் கொண்ட ரோபஸ்டோ எல்லா நாட்டிலும் கிடைக்கும்; ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள். முதலாவது அறிமுகத்துக்கு, இரண்டாவதை வைத்து எழுதுங்கள். ஒரே நாளில் இரண்டை ஒப்பிடாதீர்கள். இரண்டாவதன் நிகோட்டின் முதலாவதன் தோளில் ஏறி உட்காரும். அதே நேரம், அதே நாற்காலி, அதே பானம், வேறு நாள். காரமான மீன்குழம்புக்குப் பின் எந்தச் சுருட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சுண்ணாம்பு தடவிய வெற்றிலைக்குப் பின் சுருட்டே தேவையில்லை. தயிர்ச்சாதம் சாப்பிட்டு அரை மணி கழித்து உட்கார்ந்தால் நாக்கு தெளிவாக இருக்கும்.

வெட்டிய பின் பற்றவைக்குமுன் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். காற்று தாராளமாக வர வேண்டும். லேசான தடை இருக்கலாம். தீக்குச்சியோ கேஸ் லைட்டரோ போதும். பெட்ரோல் லைட்டரின் நெடி இலையில் ஏறிவிடும். தீயை முனையில் முட்டவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அவசரப்பட்டால் உள்ளே சூடேறி எல்லா நாடும் ஒரே கசப்பாக முடியும். வாயிலுள்ள புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டுப் பாருங்கள். மிளகுக் காரம் எவ்வளவு என்று அங்கேதான் தெரியும்.

குறிப்பேட்டில் சுருட்டை மூன்று பங்காகப் பிரித்து எழுதுங்கள். முதல் பங்கில் மேலிலை பேசும், நடுப்பங்கில் கலவை சேரும், கடைசிப் பங்கில் வீரியம் வெளிப்படும். ஆங்கில இதழ்கள் எழுதும் தோல், தேவதாரு, தொழுவம் எல்லாம் உங்களுக்கும் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வறுத்த மல்லி, சுக்கு, கருப்பட்டி, முந்திரி, மழை பட்ட மண், பழைய மரப்பெட்டி என்று உங்கள் சமையலறையிலும் வீட்டிலும் இருப்பதை வைத்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது உங்களுக்குப் புரிய வேண்டும், அது போதும். கடைசிப் பத்தியில் ஒரே கேள்வி: இந்த விலைக்கு மறுபடி வாங்குவேனா?

தொடங்குவதற்கு இரண்டு சோடி சொல்கிறேன். நான் ஆரம்பத்தில் சொன்ன எபிக்யூர் எண் 2, பார்த்தகாஸ் டி எண் 4 ஒரு சோடி. நாடும் அளவும் ஒன்றாக இருக்கக் கலவை எவ்வளவு மாற்றுகிறது என்று தெரியும். பத்ரோன் 1964ஐ நேச்சுரல், மதூரோ என்ற இரு மேலிலைகளிலும் வாங்கினால் இரண்டாவது சோடி. அங்கே மேலிலையின் பங்கு தெரியும். இந்த இரண்டும் முடிந்த பின் நாடுகளை ஒப்பிடப் போங்கள். அப்போது பட்டையை நண்பர் ஒருவரைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பிடியுங்கள். "கியூபாதான் உசத்தி" என்று சத்தியம் செய்பவர்கள் பட்டையில்லாமல் டொமினிகனைப் பாராட்டும் காட்சி பார்க்கக் கிடைக்கும்.

வேர்த்து, தலைசுற்றி, வயிற்றைப் புரட்டினால் உடனே சுருட்டைக் கீழே வையுங்கள். சர்க்கரை கலந்த எதையாவது குடித்துவிட்டுக் காற்றாட உட்காருங்கள். காசு கொடுத்தாயிற்றே என்று மீதியை முடிக்கப் பார்க்காதீர்கள்.

வைப்பதும் வாங்குவதும்

சுருட்டுக்கு ஏற்ற ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம்; வெப்பம் 18 முதல் 21 டிகிரி. சென்னையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, வெப்பம்தான் பகை. 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிந்துவிடலாம். குண்டூசி துளைத்ததுபோல் மேலிலையில் ஓட்டை தெரிந்தால் அந்தப் பெட்டி முழுவதும் சந்தேகத்துக்குரியது. உறைப்பெட்டியில் மூன்று நாள், பிறகு சாதாரணக் குளிர்ப்பெட்டியில் ஒரு நாள், அதன்பின் வெளியே என்று படிப்படியாகக் கொண்டுவந்தால் மீதியைக் காப்பாற்றலாம். விலை உயர்ந்த மரப்பெட்டி வேண்டியதில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் 65 சதவீத ஈரப்பதப் பொட்டலமும் இருந்தால் போதும்; டப்பாவை வீட்டில் குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். வேறு ஊரிலிருந்து வந்த சுருட்டை இரண்டு வாரம் அதில் கிடத்திய பிறகே ஒப்பிடுங்கள்.

கண்ணாடி மூடியிட்ட பெட்டியில் கோஹிபா காட்டினால் பேரமே பேசாமல் நகர்ந்துவிடுங்கள், அது போலி. கடற்கரை விடுதிகளிலும் சுற்றுலாத் தெருக்களிலும் இவை தாராளமாகக் கிடைக்கும். உண்மையான கியூபாப் பெட்டியில் பச்சை உத்தரவாத முத்திரை இருக்கும். அடியில் முழுக்கக் கையால் செய்தது என்பதைக் குறிக்கும் "தொதால்மென்தே அ மானோ" என்ற சூட்டு முத்திரையும், ஆலைக் குறியும் மாதமும் ஆண்டும் இருக்கும். அந்த மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்பதற்கு அதுவே கணக்கு. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடியது 25 சுருட்டு. சிங்கப்பூரில் அந்தச் சலுகையே கிடையாது. ஒன்றானாலும் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால், சொந்தக் காசில் வாங்குவதென்றால் நிகராகுவா, காலையில் என்றால் டொமினிகன், யாராவது பரிசாகக் கொடுத்தால் கியூபா. உங்கள் குறிப்பேடு வேறு சொன்னால் அதையே கேளுங்கள். கடைசிப் பத்தியில் "வாங்குவேன்" என்று இரண்டு தடவை எழுதாத எந்தச் சுருட்டையும் பெட்டியாக வாங்காதீர்கள்.